மாப்பிள்ளைக்கு முளைத்த தலைமயிர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில், நாலாம் மாடியில் தயாபரனின் ஃப்ளாட் இருந்தது. அங்கே அடிக்கிற உப்புக்காற்றுக்கு ஒரு தனிக் குணம். தேத்தண்ணிக்குள் கரண்டியை விட்டுக் கலக்கி, குடித்து முடித்துவிட்டு எடுத்தால் கரண்டியில் துரு ஏறியிருக்கும். கரையோர ரயில் போகிற நேரமெல்லாம் சுவரில் மாட்டியிருக்கிற சாமிப்படங்கள் ஒரு நூல் அளவுக்கு நகரும். இப்படி நகர்ந்து நகர்ந்து பிள்ளையார் வருஷத்துக்கு ஒருதரம் குசினி அடுப்படிக்குப் போய்விடுவார். தைப்பொங்கலுக்கு முதல்நாள் தயாபரன் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து பழைய ஆணியில் மாட்டுவார்.

அந்த வீட்டில் அசையாத படம் ஒன்றே ஒன்றுதான். மூத்த மகன் தர்ஷனுடைய படம். அதற்கு மட்டும் நாலு மூலையிலும் ஆணி அடித்து வைத்திருந்தாள் தயாபரனின் மனைவி மங்களேஸ்வரி.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை தர்ஷன் சலூனுக்குப் போனான். போனான் என்பதைவிடத் துரத்தப்பட்டான் என்பது சரி. "கண்ணை மறைக்குது மயிர். வெட்டிப்போட்டு வா. இல்லாட்டி உனக்கு இண்டைக்குச் சோறில்லை," என்று மங்களேஸ்வரிதான் துரத்தினாள். சலூன் வாசலில் வைத்துப் பச்சைச் சீருடை போட்ட சிலர், சின்ன ஒரு விசாரணை என்று சொல்லி அவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சின்ன விசாரணை இன்னும் முடியவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது. சலூன் இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்து, மருந்துக்கடை போய் இப்போது பிரியாணிக்கடை வந்துவிட்டது. விசாரணைதான் நடந்துகொண்டே இருக்கிறது.

அன்றிலிருந்து மங்களேஸ்வரி வீட்டுக்குள் பச்சை நிறத்தை விடுவதில்லை. வெண்டிக்காயை வாசலில் வைத்தே மஞ்சள் பூசித்தான் உள்ளே எடுப்பாள். கீழே கேற்றடியில் காவலுக்கு இருந்த பண்டார, ஓய்வுபெற்ற படையாள். அவனுடைய சப்பாத்துச் சத்தம் நாலு மாடி ஏறி வந்து தன் தலையணைக்குள் நிற்கிறது என்று சொல்லி, அவனுக்கு ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். பண்டார சிங்களவன், நல்ல மனுஷன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, காக்கி உடுப்பும் செருப்புக் காலுமாகக் கேற்றைக் காக்கத் தொடங்கினான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஆமிக்காரன் ஒருவன் மாப்பிள்ளையாக வந்தான்.

கிஷாந்த் கொட்டாஞ்சேனைப் பொடியன். தாய் தகப்பன் இல்லை. படிக்கவென்று லண்டனுக்குப் போய், படிப்பு நடுவழியில் நிற்க, அந்த நாட்டு ராணுவத்தில் சமையற்காரனாகச் சேர்ந்துவிட்டான். நானூறு பேருக்கு உருளைக்கிழங்கு உரிப்பான். அவன் உரித்த தோலை ஒட்டினால் தெமட்டகொடையிலிருந்து மருதானை வரைக்கும் பாய் விரிக்கலாம் என்று அவனே ஃபோனில் சொல்லியிருக்கிறான். தயாபரனின் மகள் சுதர்சினி அந்தக் கதையில்தான் விழுந்தாள். அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் பொய் சொல்லிச் சிரிக்கவைத்தது கிடையாது.

"ஆமி எண்டாலும் சமையல்தானே அப்பா? ஆக்களைச் சுடுறவர் இல்லையே?" என்று தகப்பனிடம் மெல்லக் கேட்டாள்.

"கோழியைத்தான் சுடுவான்," என்றார் தயாபரன். "கொம்மாட்டைச் செஃப் எண்டு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மிச்சத்தை அவர் பார்த்த விதம் இப்படி. மாப்பிள்ளையின் படம் கேட்டபோது, உயரமான வெள்ளைச் சமையல் தொப்பி போட்ட படம் ஒன்றைக் காட்டினார். மங்களேஸ்வரிக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளை நிறம்; முகத்தில் பால்வடிகிறது; வேறென்ன வேண்டும்? தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

அதைக் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில்தான் கண்டாள். கிஷாந்த் மாமியைக் கண்டதும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினான். உள்ளே ஒட்ட வழித்த தலை. மயிர் என்று சொல்வதற்கு அங்கே இருந்தது நிழல் மட்டுந்தான்.

"இது ஆமித்தலை," என்றாள் மங்களேஸ்வரி.

"விசர்க்கதை கதையாதையும். லண்டனில இப்ப இதுதான் ஸ்டைல்," என்றார் தயாபரன்.

அவள் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் பயப்படவேண்டும் என்று சுதர்சினிக்குத் தெரியும். ஆனால் கலியாணப் பெண்ணுக்கு அந்த நேரம் பயப்பட நேரம் கிடைப்பதில்லை. சேலைக்குப் பின் குத்துகிறவர்கள் அசையவிடமாட்டார்கள்.

தாலிகட்டு ஒழுங்காக நடந்தது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிற வழக்கத்தைத் தொடக்கிவைத்தவனுக்கு மங்களேஸ்வரியைப் போல ஒரு மாமி வாய்த்திருக்க வேண்டும். தலைப்பாகைக்குள் தலை ஒளிந்துகொண்டது. பின்னேர ரிசெப்ஷனில்தான் கிஷாந்த் கோட் சூட்டோடு வெறுந்தலையாக நின்றான். மண்டபத்தின் மற்ற முனையில் மங்களேஸ்வரி சுவரைப் பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் நின்றாள். கதிரை போதுமா என்று எண்ணுகிறாள் என்று சனம் நினைத்தது.

ஒரேயொரு விஷயத்தை மட்டும் கிஷாந்த் எல்லோரிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். யாரும் ஃபோனில் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட வேண்டாம், வேலையிடத்துக் கட்டளை. ஆகையால் ரிசெப்ஷனைப் படமெடுத்தது ஸமீம் ஒருவன்தான். கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கிஷாந்தோடு ஒன்றாய்த் திரிந்தவன்.

ஸமீமின் அல்பங்களில் உள்ளது உள்ளபடி இருப்பது முதற்பக்கத்துப் பிள்ளையார் மட்டுமே. மற்றதெல்லாம் அவன் கைவண்ணம். கறுத்த பெண்ணைச் சிவப்பாக்குவான். மாப்பிள்ளையின் தொப்பை வண்டியை உள்ளே தள்ளுவான். மண்டபத்துக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி விழுத்துவான். செத்துப்போனவர்களைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவான். ஒருதரம் ஆள் மாறி, உயிரோடு சாப்பாட்டுப் பந்தியில் இருந்த சித்தப்பாவை மாலையோடு மேகத்துக்குள் நிறுத்திவிட்டான். வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்புகிற அல்பம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். இதில் யாரும் பிழை கண்டதில்லை.

கிஷாந்த் பத்து நாளில் திரும்பிப் போனான். போன கையோடு அவனைச் சைப்பிரஸ் தீவுக்கு மாற்றினார்கள். குடும்பத்தோடு இருக்க ஒரு வீடும் கிடைத்தது. வீடியோவில் சுதர்சினிக்கு ஒவ்வொரு மூலையாகக் காட்டினான். இது குசினி. இது யன்னல். அங்கே தெரிகிறது எலுமிச்சை மரம். வெறும் வீட்டில் அவன் குரல் இரண்டு தரம் கேட்டது.

"ஒண்டு சொல்லவேணும்," என்றான். "வீடு பெஞ்சாதியோட இருக்கிறவனுக்குத்தான். மாரி தொடங்க முதல் நீர் வராட்டித் திறப்பைக் குடுத்து வீட்டை விடவேணும். திரும்பக் கியூவில நிக்கவேணும். அதுக்குள்ள என்னை எங்க அனுப்புவாங்களோ."

"வந்திடுவன். நீங்க எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்துங்கோ."

அன்றிலிருந்து சுதர்சினி உடம்பால் வெள்ளவத்தையிலும் மனத்தால் அந்த யன்னலடியிலுமாக இருந்தாள். சூட்கேஸை ஹோலில் வைத்து அடுக்குவாள், பிரிப்பாள், மறுபடி அடுக்குவாள். இப்படி எத்தனை தரம் அடுக்கினாளென்றால், கடைசியில் அவள் மூடியைத் திறந்ததும் உடுப்புகள் தாமாகவே மடிந்து படுத்துக்கொண்டன. மிளகாய்த்தூள் பொதி தனக்குரிய மூலைக்குத் தானே நடந்து போகும்.

விசாவுக்குக் கலியாணம் உண்மையான கலியாணம் என்று காட்ட அல்பம் வேண்டும் என்றார் பம்பலப்பிட்டி ஏஜென்ட். நேரமில்லை, ஸமீம் ஒரு பிரதியை நேரே அவரிடம் அனுப்பினான். வீட்டுக்கு வந்த பிரதியை மங்களேஸ்வரி பட்டுத்துணியில் சுற்றிச் சாமி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"ஒருக்காப் பாக்கிறனே அம்மா."

"விசா வரட்டும். அதுக்கு முதல் பாத்தாக் கண்ணூறு படும்."

கண்ணூறு என்றபிறகு எதிர்த்துப் பேச முடியாது. சுதர்சினி தன் கலியாண அல்பத்தைப் பார்க்காமலே இருந்தாள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய சின்ன அறை. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய மொழிபெயர்ப்பாளர். திரையில் அல்பத்தின் பக்கங்கள் வந்தன. தாலிகட்டு, தலைப்பாகை.

"இது யார்?"

"என்ர ஹஸ்பண்ட்."

அடுத்த பக்கம் வந்தது. ரிசெப்ஷன். பின்னால் ஸமீமின் நீர்வீழ்ச்சி. முன்னால் அவளும், கோட் சூட் போட்ட ஒருவனும். கிஷாந்தின் கண், கிஷாந்தின் மூக்கு. அதற்கு மேலே வலப்பக்கம் உச்சி பிரித்து, நெற்றியில் புரண்டு, இடது கண்ணை மறைக்கிற அடர்ந்த தலைமயிர்.

அந்தத் தலைமயிரைச் சுதர்சினிக்குத் தெரியும். பத்து வயதில் அதற்கு ரப்பர் பாண்ட் போட்டுக் குடுமி கட்டி, முதுகில் அடி வாங்கியிருக்கிறாள்.

"இது யார்?" என்றார் மொழிபெயர்ப்பாளர் மறுபடியும்.

பொய் சொன்னால் விசா ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டிருந்தார். அவள் உண்மையைச் சொன்னாள்.

"முகம் என்ர ஹஸ்பண்டின்ர. தலைமயிர் என்ர அண்ணான்ர."

மொழிபெயர்ப்பாளர் பேனையைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லுங்கோ தங்கச்சி. சரியாத்தான் கேட்டனானோ தெரியேல்லை."

திரும்பச் சொன்னாள். அது ஆங்கிலத்தில் போயிற்று. போகும்போது இரண்டு தரம் தடக்கியது. திரையில் இருந்தவள் முகம் மாறவில்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"உங்கள் அண்ணா இப்போது எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

"அவர் உங்கள் திருமணத்துக்கு வந்தாரா?"

சுதர்சினி யோசித்தாள். "அவர் வரேல்லை. தலைமயிர் மட்டும் வந்தது," என்றாள்.

"கணவருடைய கடவுச்சீட்டில் இருப்பதுபோல, அவருடைய சொந்தத் தலையோடு ஒரு திருமணப்படம் இருக்கிறதா?"

அவளுடைய ஃபோனில் இரண்டு பேரும் இருக்கிற படம் ஒன்று இருந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுத்தது. காற்று அவளுடைய ஷோலைத் தூக்கி அவன் தலையில் முக்காடு போட்டிருந்தது. அதைக் காட்டினாள். வெள்ளைக்காரி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு நன்றி சொன்னாள்.

பதில் அடுத்த மாதம் வந்தது. படங்கள் மாற்றப்பட்டவை, திருமணம் நம்பத்தக்கதாக இல்லை, விசா இல்லை.

அன்றைக்கே பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அசல் படங்கள் இருந்தால் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். ஸ்டூடியோவில் ஸமீம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு மயில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் மயிலை அந்தரத்தில் விட்டுவிட்டு எழும்பினான்.

"ஸமீம் நானா, அந்தத் தலைமயிர்..." என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"நல்லா வந்திச்சில்லே தங்கச்சி?" என்றான் பெருமையாக. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "மொதல்ல நான் வேற முடிதான் வெச்சேன். ஒங்கட அம்மா ஒத்துக்கல்ல. வூட்டிலேந்து ஒரு ஃபோட்டோவக் கொண்டாந்து, இந்த முடிதான் வேணும் எண்டாங்க."

கணினியில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினான். தர்ஷன். நாலு மூலையிலும் ஆணி பிடுங்கின ஓட்டை.

"இன்னொண்டும் சொன்னாங்க. அது பதினேழு வருஷமா வெட்டாத முடியாம். அதுக்கேத்த மாதிரிக் கொஞ்சம் நீட்டித் தரட்டாம். நானும் நீட்டினேன். யார்ட முடி எண்டு நான் கேக்கல்ல தங்கச்சி. அல்லாஹ் மேல ஆணையா, தெரிஞ்சிருந்தாத் தொட்டிருக்க மாட்டேன்."

"பரவாயில்லை நானா. அசல் படங்களைத் தாங்கோ. அது போதும்."

ஸமீம் மயிலைப் பார்த்தான்.

"ஸமீம் நானா?"

"முன்னுக்கு நிண்டு அழிக்கச் சொன்னாங்க. மொட்டத்தலையோட ஒண்டும் மிஞ்சப்படாது எண்டாங்க. நான் ஒவ்வொண்டா அழிக்கிறப்போ, ஒங்கட அம்மா பக்கத்தில நிண்டு எண்ணினாங்க."

வீட்டுக்கு வந்தபோது மங்களேஸ்வரி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சுதர்சினி அழவில்லை, கத்தவுமில்லை. கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"ஏன் அம்மா செய்தனீங்கள்?"

"வடிவாத்தானே இருக்கு."

"விசா இல்லை எண்டுட்டாங்கள் அம்மா. வீடு போகப்போகுது."

"அப்ப அவரை மயிர் வளர்க்கச் சொல்லு," என்றாள் மங்களேஸ்வரி திருவுவதை நிறுத்தாமல். "வளர்ந்தாப்பிறகு போகலாம். அவசரப்பட்டு வெட்டப்படாது. அவசரப்படுத்தினதாலதான்..."

வசனத்தை முடிக்கவில்லை. தேங்காய் முடிந்து சிரட்டை முடிந்து அவள் திருவலையையே திருவிக்கொண்டிருந்தாள். தயாபரன் ஹோலில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிப் போய், பொங்கல் வராமலே, பிள்ளையாரைப் பழைய ஆணியில் மாட்டினார். அன்று அவருக்குச் செய்வதற்கு வேறொன்றும் தெரியவில்லை.

பிறகு மங்களேஸ்வரி ஒளிக்கவில்லை. அல்பம் அலுமாரியை விட்டு ஹோல் மேசைக்கு வந்தது. பக்கத்து ஃப்ளாட் மாக்ரெட் அன்ரி வந்து பார்த்து, "சரியான வடிவு மாப்பிள்ளை, அந்தத் தலைமயிரைப் பாரன்," என்று சொல்லிவிட்டுப் போனார். ரிசெப்ஷனில் மூன்றாம் வரிசையில் இருந்து அதே வெறுந்தலையைப் பார்த்தவர் அவர். படத்தைக் கண்டபிறகு கண்ணால் கண்டதை மறந்துவிட்டார். மாதம் இரண்டு போனதும் வந்திருந்த எல்லோருக்கும் மாப்பிள்ளையின் தலைமயிர் நினைவிருந்தது. அது காற்றில் பறந்ததாக ஒருவர் சொன்னார். மண்டபத்தில் காற்றே இல்லை.

சைப்பிரஸ் வீட்டுத் திறப்பைக் கிஷாந்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடைசி நாள் வீடியோவில் எலுமிச்சை மரத்தை மட்டும் காட்டினான். அவளும் ஸ்டூடியோக்காரன் பிழை விட்டுவிட்டான் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"மயிர் வச்சதுக்கு விசா இல்லையாமோ? அப்ப வழுக்கைக்காரனுக்கெல்லாம் எப்பிடிக் குடும்பம் நடக்குது?" என்று சிரித்தான். சிரிப்பு இரண்டு தரம் கேட்டு அடங்கியது. பிறகு சொன்னான்: "என்னை அனுப்பப்போறாங்கள். எங்க எண்டு சொல்லக்கூடாது. போக முதல் நாலு நாள் லீவு. வாறன்."

"அங்க சமையல்தானே?"

"எங்கயும் சாப்பிடத்தானே வேணும்," என்றான். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் வந்தது ஒரு பின்னேரம். கீழே பண்டார அவனைத் தூரத்தில் வரும்போதே நடையில் கண்டுபிடித்துவிட்டான். செருப்புக் காலைச் சேர்த்துச் சல்யூட் அடித்தான். ரப்பர் செருப்பு சளக்கென்றது. "மிஸ், மஹத்தயா ஆவா!" என்று, ஐயா வந்துவிட்டாரென மேலே பார்த்துச் சிங்களத்தில் கத்தினான். சுதர்சினி நாலு மாடியும் ஓடி இறங்கினாள். லிஃப்ட் இருந்தது அவளுக்கு நினைவில்லை.

இருவரும் மேலே வந்தபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. வெளி இரும்புக்கேற் மட்டும் திறந்திருந்தது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரம் இருண்டு தெரிந்தது. உள்ளே ஒரு கண் ஒட்டி நின்றது.

"அம்மா, திறவுங்கோ. அவர் வந்திட்டார்."

"ஆர்?"

"உங்கட மருமோன்."

"இல்லை," என்றது கதவு. "எங்கட மாப்பிள்ளைக்குத் தலைமயிர் இருக்கு. இது அவங்கட ஆள். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான்."

"இஞ்சரும், திறவும். சனம் பாக்குது," என்ற தயாபரனின் குரல் உள்ளேயிருந்து கேட்டது. சனம் என்பது மாக்ரெட் அன்ரிதான். தன் கதவை நாலு விரல்கடை திறந்து பார்த்தார். "ஆரு பிள்ளை இது? படத்தில வேற மாதிரி..." என்றுவிட்டு மூடிக்கொண்டார்.

சுதர்சினி படிப்பக்கம் திரும்பினாள். "வாங்கோ," என்றாள் கிஷாந்திடம். "காலி வீதியில லொட்ஜ் இருக்கு. நாலு நாளைக்கு அங்க இருப்பம். சூட்கேஸ் உள்ளுக்கு இருக்கட்டும்."

அவன் பதில் சொல்லுமுன் கதவு சங்கிலியளவுக்குத் திறந்தது. இடைவெளியால் ஒரு கை வந்தது. கையில் ஒரு சீப்பும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும்.

"தலையைச் சீவி இழுத்துக்கொண்டு வரச்சொல்லு," என்றாள் மங்களேஸ்வரி. "இழுத்தா விடுறன்."

கிஷாந்த் சீப்பை வாங்கினான். மான்கொம்பு நிறத்தில் பழைய சீப்பு. இரண்டு பல் இல்லை. சுதர்சினி அப்போதுதான் அவனிடம் சொன்னாள்.

"படத்தில இருக்கிறது அண்ணான்ர தலைமயிர். இதுவும் அவரின்ர சீப்பு. அண்டைக்கு மயிர் வெட்டத்தான் போனவர்."

அவன் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரயில் ஒன்று கடந்து போயிற்று. உள்ளே சுவரில் படங்கள் ஒரு நூல் நகர்ந்திருக்கும்.

"லொட்ஜ் வேண்டாம்," என்றான். "எந்தத் தொப்பியைக் குடுத்தாலும் போடுறதுதானே என்ர வேலை."

துவாரத்துக்கு நேரே போய், அணிவகுப்பில் நிற்கிறவனைப்போல நிமிர்ந்து நின்றான். உள்ளங்கையில் எண்ணெய் விட்டுத் தலையில் தேய்த்தான். வழித்த தலை வெளிச்சத்தில் மினுங்கிற்று. சீப்பை உயர்த்தினான்.

"எந்தப் பக்கம் மாமி?"

"கன்ன உச்சி. வலப்பக்கம். நெத்தியில விழவேணும்."

அவன் வலப்பக்கத்திலிருந்து இழுத்தான். தோலில் சீப்புப் போகிற சத்தம் நாலாம் மாடி முழுக்கக் கேட்டது. வெள்ளைக் கோடுகள் விழுந்து, மெல்லச் சிவந்தன. நெற்றிக்கு வந்ததும், அங்கே ஒன்றுமில்லாததை விரலால் எடுத்து இடது கண்ணுக்கு மேல் விட்டான்.

சங்கிலி கழன்ற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வடிவா இழு, தர்ஷன்," என்றாள் மங்களேஸ்வரி உள்ளிருந்து. "அவசரமில்லை. ஆறுதலா இழு."

கிஷாந்த் சுதர்சினியைப் பார்த்தான். அவள் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக நின்றாள். அவன் சீப்பை மறுபடியும் வலப்பக்கம் வைத்து, முதலிலிருந்து இழுக்கத் தொடங்கினான்.